ரெஜிஸ்டரில் இல்லாத இழுப்பு

பொன்முடிச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் ஞானையன் கம்பவுண்டர். பதினோரு வருஷமாக மூன்றே மருந்துகளால் முந்நூறு பேரைக் கட்டிக் காத்த மேதை. இருமலுக்குச் சிவப்புத் தண்ணீர், வயிற்றுக்கு வெள்ளைத் தண்ணீர், தலைவலிக்கு ஒரு மாத்திரை. அவ்வளவுதான் அவருடைய வைத்திய சாஸ்திரம்.

அவருடைய ரெஜிஸ்டருக்கு ஒரு நியமம் உண்டு. வியாதிக்கு நேரே கொடுத்த மருந்தை எழுதியாக வேண்டும். மருந்தில்லாத வியாதியை எழுதினால் கட்டம் காலியாக நிற்கும். காலிக் கட்டத்தைக் கண்டால் ஹெட் கிளார்க் குதிப்பார். ஆகையால் மருந்தில்லாத வியாதி அந்தத் தோட்டத்தில் யாருக்கும் வந்ததே கிடையாது.

அவர் மனைவி சுசீலாபாய் அங்கேயே கொழுந்து பறிப்பவள். அவளுக்கு இழுப்பு. மாத்திரை நெடுமங்காட்டிலிருந்து வர வேண்டும். மழையில் பஸ் நின்றுவிட்டால் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவாள். ரெஜிஸ்டரில் அவள் பேர் இல்லை. நியமம் என்றால் எல்லோருக்கும் நியமம்தானே.

எழுபத்து நான்கில் சர்க்காருக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்து மருந்தறைகளில் இழுப்பு மாத்திரை உட்பட நாற்பது மருந்துகள் இருக்க வேண்டுமென்று சட்டம் போடலாமா என்று முதலாளிகளின் அபிப்பிராயம் கேட்டார்கள். மருந்து கூடினால் தொழிலாளியின் உடம்பு கெட்டுப்போகும் என்று முதலாளிகள் உருக்கமாகப் பதில் எழுதினார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதது.

சுசீலாபாய் மட்டும் சந்தோஷப்பட்டாள். "இனி பஸ்ஸப் பாத்து மூச்சு விடண்டாம்" என்றாள்.

அந்தச் சட்டத்தைப் பற்றித் திருவனந்தபுரத்தில் விசாரணை. மேனேஜர் ஞானையனையும் ரெஜிஸ்டரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். "உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும், ஞானையா. ரெஜிஸ்டர்ல உள்ளத" என்றார்.

அதிகாரி கேட்டார்: "தோட்டத்துல ஆஸ்துமா உண்டோ?"

ஞானையன் பக்கங்களைப் புரட்டினார். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெஜிஸ்டர்ல இல்ல சார்."

அதிகாரி இழுப்பு மாத்திரையைப் பட்டியலிலிருந்து அடித்தார். பதினோரு வருஷச் சான்றுக்கு எதிர்ப்பேச்சு ஏது?

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது சுசீலாபாய் சண்டை போடவில்லை. "அப்பம் எனக்கு இழுப்புத் தீனம் இல்லேன்னு சொல்லிட்டு வந்தியளா?" என்று மட்டும் கேட்டாள். ஞானையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை மருந்தறை வரிசையில் அவளும் வந்து நின்றாள். "பேரு சுசீலாபாய். தீனம் இழுப்பு. எழுதுங்க."

"மருந்து இல்லியே, பிள்ள."

"மருந்து ஆரு கேட்டா? எழுதுங்க."

ஞானையன் பேனாவை எடுத்தார். கை பழகின வழியிலேயே போயிற்று. 'இருமல்' என்று எழுதி, சிவப்புத் தண்ணீரை ஊற்றி நீட்டினார். சுசீலாபாய் எழுத்தைப் படித்துப் பார்த்தாள். மருந்தைத் தொடாமல் கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறினாள். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி அவள் உட்கார்ந்துவிட்டதை ஜன்னல் வழியாக ஞானையன் பார்த்தார்.