பத்து மடங்கு மருந்து

ஹைதராபாத்தில் எங்கள் அலுவலகத்துக்கு ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து பஸ்ஸில் வருவார், மென்பொருளில் பிழை தேடும் எங்கள் டெஸ்டர். ஒல்லியான பெண்மணி, தடித்த கண்ணாடி. எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிட்டுச் சொல்ல மருத்துவமனைகளுக்காக நாங்கள் எழுதிய மென்பொருளில் எப்போதும் தன் மகளின் எடையைப் போட்டுத்தான் சோதிப்பார்.

வெளியீட்டன்று காலையில் என்னை அழைத்தார். "பதினாலரை கிலோ போட்டேன் சார். புள்ளியை விட்டுட்டு நூத்தி நாப்பத்தஞ்சுன்னு எடுத்துக்குது. குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து சொல்லுது."

அது நான் எழுதிய பகுதி. சரிபார்த்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

"கையெழுத்து போட்டிருக்கீங்களே, நெஜமாவே சரிபார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அதை நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நானும் கூட வர்றேன்."

நான் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வெளியீடு நின்றது. காட்டிக்கொடுக்கவுமில்லை, தப்பவிடவுமில்லை. அவருக்கு என்மேல் இருந்தது கோபமா, இரக்கமா என்று இன்றும் தெரியவில்லை.