ஒல்லாந்தரின் தட்டை நான் விளக்கிய கதை

பக்கத்து வீட்டுக்காரரின் தகப்பன் எழுதிய எழுத்தை நான் அழித்தேன். அதை வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அழித்த பிறகு வேண்டுமென்றே பதினொரு நாள் ஒளித்தேன். என்னை உறுத்துவது அந்தப் பதினொரு நாள்தான்.

அவர் ஒல்லாந்துக்காரர், அதாவது டச்சுக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து சேர்ந்த பிளாட் புஷ்ஷில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். நான் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன். அறிமுகமான அன்றைக்கே, "உங்கட ஆக்கள் ஒருத்தரிட்டையும் கேக்காமல் வந்து நூறு வருசத்துக்கு மேல எங்கட ஊரை ஆண்டவை" என்றேன். பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் பேச்சு என் நினைவில் எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது.

அவர் யோசித்தார். "நாங்கள் கட்டின கோட்டை இப்பவும் நிக்குதோ?"

"கொஞ்சம் நிக்குது."

"அப்ப கட்டினவன் கெட்டிக்காரன்."

அன்றிலிருந்து அவர் எனக்குக் கப்டன். பக்கத்திலிருக்கும் வைஹெக்கே தீவுக்குப் போகும் படகிலேயே வாந்தி எடுக்கிற கப்டன். நான் அவருக்குப் புரொபசர்.

அவரிடம் ஒரு வெள்ளீயத் தட்டு இருந்தது. ஆறு வயதில் தாய், தகப்பன், தமையனோடு கப்பலேறி மேற்கு அவுஸ்திரேலியாவுக்குப் போய், பிறகு வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தவர் அவர். அந்தக் கரை கண்ணில் பட்ட அன்று தகப்பன் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி, அதன் முதுகில் ஆணியால் கப்பலின் பெயர், நாள், வீட்டார் நால்வரின் பெயர் எல்லாவற்றையும் கீறினாராம். தகப்பன் பள்ளியில் படித்த ஒரு கதையின் வேலை அது. நானூறு வருடங்களுக்கு முன்பு ஜாவாவுக்குப் போன ஒல்லாந்துக் கப்பல்கள் பெருங்காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடி, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். திரும்பப் பிந்தினால் அவுஸ்திரேலியா குறுக்கே நிற்கும். சில கப்பல்கள் பாறையில் மோதி உடைந்தன. மோதாமல் தப்பிய ஒரு கப்டன் அங்கே ஒரு தீவில் இறங்கி, தாங்கள் வந்து போனதை ஒரு வெள்ளீயத் தட்டில் எழுதி, கம்பம் நட்டு அறைந்துவிட்டுப் போனார். எண்பது வருடம் கழித்து இன்னொரு ஒல்லாந்துக் கப்டன் போனபோது கம்பம் உக்கியிருந்தது. தட்டில் எழுத்து இருந்தது.

எப்சத்தில் ஒரு மண்டபத்தில் தமிழ் முதியவர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். யாராவது ஒருவர் பேச வேண்டும். மூன்று மாதமாகச் சர்க்கரை வியாதியைப் பற்றியே பேசிக் களைத்திருந்தோம். நான் ஒல்லாந்தரும் அவுஸ்திரேலியாவும் என்று பேச முன்வந்து, சபைக்குக் காட்டக் கப்டனிடம் தட்டை இரவல் கேட்டேன். "பதினாறாம் தேதி பெர்த்துக்குப் போறன். அண்ணருக்கு எண்பதாவது பிறந்தநாள். அம்மா கடைசிக் காலத்தில என்னோட இருந்ததால தட்டு என்னட்ட வந்திட்டுது, அவர் அதைக் கண்டு முப்பது வருசம். அதுக்குள்ள தந்திடுங்கோ" என்று கையில் வைத்தார்.

தட்டு கறுத்துக் கிடந்தது. சபைக்குப் போகிற எதையும் விளக்காமல் கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. குத்துவிளக்கு என்றாலும் செம்பு என்றாலும் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்த பிறகுதான் வாசலைத் தாண்டும். நாலாம் தேதி, கூட்டத்தன்று காலை, நான் புளியோடு பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளையும் எடுத்துக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, கண்ணாடி போடாமல் என்னத்தைப் போட்டு உரஞ்சிறியள்?" என்றாள் மனைவி.

"ஊத்தைக்குக் கண்ணாடி தேவையில்லை."

அரை மணி நேரம் உரஞ்சினேன். தட்டு நிலவு மாதிரி வந்தது. துவாயில் சுற்றிக்கொண்டு எப்சம் போனேன்.

பேச்சு நன்றாகவே போனது. உச்சக்கட்டத்தில் துவாயை விலக்கி, "ஒரு தகப்பன் ஆணியால் எழுதியது, வாசியுங்கள்!" என்று தட்டை முன்வரிசைக்குக் கொடுத்தேன். முதலில் வாங்கியவர் திருநெல்வேலி எஞ்சினியர். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"சார், தட்டு ஜோரா இருக்கு. எழுத்து எங்க சார்?"

நான் அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். தட்டில் என் முகம் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

நாற்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடற்காற்று" என்றேன். "கடற்காற்று தின்றுவிட்டது." சபை உச்சுக் கொட்டியது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். எஞ்சினியர் மட்டும் தட்டை மூக்கருகே கொண்டுபோய், "புளி வாசனை வருதே சார்" என்றார்.

அடுத்த நாள் கப்டன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தட்டைப் பாத்தவையோ?"

"கண்ணை எடுக்கேல்லை."

"என்ன சொன்னவை?"

"தட்டு ஜோரா இருக்கெண்டார் ஒருத்தர். ஒரு அம்மா கண்ணைத் துடைச்சவ."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இவ்வளவு உண்மையை அடுக்கி இவ்வளவு பெரிய பொய் கட்டலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிறகு குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூட அவர் கார் போய்விட்டதா என்று பார்த்துத்தான் போனேன். ஒருநாள் அவர் திரும்பி வர, தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. அவரேதான் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அப்போதும் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி காலை மனைவி தட்டை என் கையில் திணித்தாள். "இப்ப நீங்கள் போறியளோ, நான் போகவோ?"

போனேன். கப்டனின் பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது. இன்னது செய்தேன், இன்னின்ன பொய் சொன்னேன் என்று நின்றபடியே ஒப்பித்தேன். அவர் தட்டை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பெருவிரலால் தடவினார். கடைசல் வேலை செய்த விரல், மயிரளவு கீறலையும் அறியும்.

"அம்மாவின்ர பேர் இதில இருந்தது."

"ஓம்."

"என்னத்தால தேச்சனீங்கள்?"

"பழப்புளி."

"நீங்கள் எனக்குத் தாற ரசத்தில விடுறதோ?"

"அதேதான்."

"நூறு வருசம் ஆண்டதுக்கு உங்கட ஆக்கள் ஆறுதலா, அவசரமில்லாமல்தான் பழி வாங்கியிருக்கினம்" என்றார். நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து என்னை அனுப்பி, கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து வந்தார். தட்டு தமையனோடு பெர்த்தில் நின்றுவிட்டது. இருவரும் அதை மேசையில் வைத்து, பக்கவாட்டில் டோர்ச் அடித்துத் தேடினார்களாம். ஓரத்தில் ஒரு கோடு மிஞ்சியிருந்தது. அது அம்மாவின் பெயரின் முதல் கோடு என்று தமையன், கப்பல் பெயரின் கடைசிக் கோடு என்று இவர். இரண்டு கிழவர்களும் பிறந்தநாள் கேக்கை வெட்டாமல் சண்டை பிடித்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

ரசம் இப்போதும் வாங்கிக் குடிக்கிறார். ஆனால் ஒரு பொருளும் இரவல் தருவதில்லை. போன கிழமை மண்வெட்டி கேட்டேன். தானே தூக்கிக்கொண்டு வந்தார். நான் கறிவேப்பிலைக் கன்றை நடக் கிடங்கு வெட்டி முடிக்கும்வரை பக்கத்தில் கைகட்டி நின்றார். முடிந்ததும், "அப்பிடியே தாங்கோ புரொபசர், கழுவ வேண்டாம்" என்று மண்ணோடு வாங்கிக்கொண்டு போனார்.