தொலைபேசியில் சொல்லிவந்த தொடர்

என் மனைவி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேறுகாலத் துணைக்கென்று போனவள், மகள் மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கியபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி அங்கேயே தங்கும்படி ஆயிற்று. செஞ்சியில், கோட்டை மலையை ஒட்டிய தெருவில் உள்ள எங்கள் வீட்டில் நான் ஒருவனாகக் காலம் கழித்து வருகிறேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்துவந்த தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு. மூன்று சகோதரர்கள், அவர்களுடைய மனைவியர், பாகம் பிரியாத ஒரு வீடு, கதை அவ்வளவுதான். அது வருகின்ற மாலைப்பொழுதில், மகள் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவார்கள். திரையில் பொம்மைப் படம் ஓடினாலன்றி அக்குழந்தை வாய் திறவாது. ஆகவே நான் தொடரைப் பார்ப்பதும், முடிந்தவுடன் தொலைபேசியில் அவளுக்குக் கதையைச் சொல்வதும் வழக்கமாயின.

"பெரியவ இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சாவிய டேபிள் மேல வெச்சிட்டு போயிட்டா."

"அய்யய்யோ! மூஞ்சி எப்பிடி இருந்துச்சி? அத சொல்லுங்க மொதல்ல. உங்களுக்கு கத சொல்லவே வர்ல."

சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடக்கூடிய எங்கள் உரையாடல், அந்தத் தொடரின் தயவால் அரைமணி நேரம் நீண்டது. பகலெல்லாம் பேசாதிருந்த என் நாவுக்கு அதுவே வேலை.

சென்ற கோடையில் மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் எங்கள் மாடியில் இருந்த டிஷ்ஷின்மேல் ஏறி விளையாடி, அதை வேறு திசைக்குத் திருப்பிவிட்டன. திரையில் சிக்னல் இல்லை என்ற வாசகம் மட்டுமே நின்றது. பழுதுபார்ப்பவரோ உறவினர் வீட்டுத் துக்கத்திற்காக வெளியூர் போயிருந்தார். அந்நாட்களில் எங்கள் பேச்சு மாத்திரையோடு நின்றுபோயிற்று.

"கத இல்லியா? செரி, வெச்சிடறேன். பாப்பா அழுவுது."

பழுதுபார்ப்பவர் ஒருவழியாக வந்து டிஷ்ஷை நிமிர்த்தினார். கீழே இறங்கியவர், கூடத்து மூலையில் இருந்த இணையக் கருவியைப் பார்த்து வியந்தார். மகள் ஊருக்கு வரும்போது இங்கிருந்தே அலுவல் பார்ப்பதற்கென்று வைத்துவிட்டுப் போனது அது.

"நெட்ட வெச்சிக்கினு சும்மாவா இருக்கறீங்க பெரிப்பா? டிவிக்கு கீழ இருக்கற இந்த டிஷ்ஷு டப்பாவ அதோட சேத்துட்டா, உட்டுப்போன கதையெல்லாம் எடுத்து பாக்கலாம்."

கடவுச்சொல்லை நான் படிக்கப் படிக்க, அவர் ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். "உங்க பொண்ணு பாஸ்வேர்டா வெச்சிகீது? ரயிலு மாதிரி போயிக்கினே இருக்குது!" என்று சிரித்தார். விட்டுப்போன பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, "மெதுவாதான் எறங்கும். காலைல பாருங்க" என்று சொல்லிச் சென்றார்.

காலையில் ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. மறுநாளும் அவ்வாறே. கவலையுற்று அவரை அழைத்தேன்.

"டப்பாவ எப்பிடி நிறுத்தினீங்க?"

எப்போதும் நிறுத்துவதுபோலத்தான் என்றேன். எங்கள் தெருவில் தொலைக்காட்சியை நிறுத்துவதென்றால், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைப்பதென்றே பொருள். ஒரு மழைக்காலத்தில் மலைமேல் விழுந்த இடி பல வீட்டுப் பெட்டிகளைக் கருக்கிவிட்டது. அன்று முதல் யாரும் பிளக்கைச் செருகியபடியே விட்டுவைப்பதில்லை.

"கரண்ட புடுங்கிட்டு மோட்டார் தண்ணி ஏத்தலன்னா ஏத்துமா? ரிமோட்டுல மட்டும் ஆஃப் பண்ணுங்க பெரிப்பா. செவுத்து பக்கமே போவாதீங்க."

அவ்வாறே செய்தேன். விடிந்தபோது விட்டுப்போனவை யாவும் பெட்டியில் வந்து சேர்ந்திருந்தன. ஒரே பகலில் அனைத்தையும் பார்த்து முடித்து, மாலையில் அவளுக்கு வரிசையாகச் சொன்னேன். நடுநடுவே அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் விடை இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்ததை நெடுநாட்களுக்குப் பின் கேட்டேன். அந்த மகிழ்ச்சியில், இனி எந்தக் கதையும் தவறிப்போகாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் நான் தொடங்குமுன்பே அவள் தடுத்தாள்.

"இன்னிக்கி வேணாங்க. பாப்பாவுக்கு சளி. அதான் பொட்டியிலயே இருக்குதே, எங்க போவப்போவுது? சேத்து வெச்சி சொல்லுங்க."

அவள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. முன்பெல்லாம் அன்றைய கதையை அன்றே கேட்டாக வேண்டியிருந்தது. குழந்தை அழுதாலும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்பாள். இப்போது கதைக்கு அவசரம் இல்லை. ஒரு நாள் இரண்டு நாளாகி, பிறகு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன் வீட்டில் இருப்பார். அவர் எதிரில் அவளால் கதை கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

நேற்றைய தொடர் முடிந்ததும் மனம் பொறுக்காமல் நானே அழைத்தேன். மகள் எடுத்தாள்.

"அம்மா அசந்து படுத்துட்டாங்க நைனா. சாப்டியா?"

"ஆச்சிம்மா."

"எதுனா முக்கியமா? எழுப்பட்டுமா?"

மூன்று சகோதரர்களும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொள்வதென்று சற்றுமுன்புதான் முடிவு செய்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. தூங்கட்டும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.