இட்டாலிஷ் அம்மா

எழுபதுகளின் கடைசி. செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்த புதிது. பெண்கள் வார்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். செங்கத்துக்காரம்மா, கீழ்பென்னாத்தூர்க்காரம்மா, அவ்வளவுதான். தமிழில் எந்த ஊரானாலும் ‘காரம்மா’ ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷ்காரன்தான் இஷ், ஈஸ், யன் என்று ஒவ்வொரு நாட்டுப் பெயருக்கும் ஒரு வால் வைத்து டிரெயினிங்கில் என் உயிரை வாங்கினான்.

ஒரு சித்திரை மத்தியானம், கிரிவலப் பாதையில் மயங்கிக் கிடந்ததாக வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். டிரிப் ஏற்றினோம். கண் விழித்ததும் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியவில்லை. ஜன்னலில் தெரிந்த மலையைக் காட்டிக் காட்டி அழுதார்.

திருவண்ணாமலையில் ஒருவர் மலையைக் காட்டி அழுதால் என்ன செய்வோம்? வார்டே எழுந்து கும்பிட்டது.

“என்னா பக்தி பாரு! நம்மளவிட ஜாஸ்தி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் பக்கத்துக் கட்டில் கீழ்பென்னாத்தூர்க்காரம்மா.

டாக்டர் வந்து பார்த்தார். “வெயில் வேகத்துல பொலம்புறாங்க. தூங்க ஊசி போட்டுடுங்க சிஸ்டர்.”

சிரிஞ்சை எடுத்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். தீபத்துக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும். மனசு கேட்கவில்லை.

“ஒரு நிமிஷம் சார்” என்றேன். எனக்குத் தெரிந்த மொழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஸ்பானிஷ்? டேனிஷ்? பதற்றத்தில் ஜாப்பனீஸ்கூடக் கேட்டுவிட்டேன். கடைசியில், “இட்டாலிஷ்?”

“இட்டாலியன், சிஸ்டர்” என்று டாக்டர் திருத்துவதற்குள், “இத்தாலியா! இத்தாலியா!” என்று அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த இத்தாலிக்காரர் ஒருவரை எங்கள் கம்பவுண்டர் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அழைத்துவந்தார். அவர் அந்த அம்மா சொன்னதைக் கேட்டு, எங்களுக்கு இங்கிலீஷில் சொன்னார். அம்மாவின் கணவர் மலையில் வழுக்கி விழுந்து, கால் ஒடிந்து, குடிக்கத் தண்ணீர்கூட இல்லாமல் பாறை இடுக்கில் கிடக்கிறார். உதவி தேடித்தான் இந்த அம்மா தனியாக இறங்கி ஓடிவந்திருக்கிறார்.

மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் ஆட்கள் மலையேறி, பொழுது சாய்வதற்குள் அவரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. உயிர் இருந்தது. நான் வராந்தாவுக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன்.

“நீ மட்டும் கேக்கலன்னா, நாங்க கும்புட்டுக்கினே இருந்திருப்போம்மா” என்றார் கீழ்பென்னாத்தூர்க்காரம்மா.

வார்டுக்குப் புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பெண்களே, என்ன வியாதி என்று கேட்பதற்கு முன் என்ன மொழி என்று கேளுங்கள். வால் தப்பாகிவிட்டால் யாரும் சாகமாட்டார்கள். நான் இன்றைக்கும் மலையைப் பார்த்தால் கும்பிடுகிறவள்தான். ஆனால் யாராவது அழுதுகொண்டே அதைக் காட்டினால், கை கூப்புவதற்கு முன், “அங்க யாரு இருக்காங்க?” என்று கேட்டுவிடுகிறேன்.