ஊரில் எந்தப் பக்கம்

நூலக உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறோம், தேர்வுக் குழுவில் நீங்களும் இருக்க வேண்டும் என்று தலைமை நூலகர் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது. திருச்சியில் அந்தக் கல்லூரி நூலகத்தின் பின்னறையில் பன்னிரண்டு வருடமாகப் புத்தக முதுகில் எண் ஒட்டுகிறவள் நான். என்னை யாரும் ஒரு கூட்டத்துக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

எல்லாத் தரப்பு ஆட்களும் நூலகத்தில் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்கிறதாம். குழுவும் அப்படி இருந்தால் நல்லதாம். அப்படியென்றால் நான் எந்தத் தரப்பு? யாரோ என் சாதிச் சான்றிதழைப் புரட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. நான் உப்பிலியபுரத்தில் காலனியில் பிறந்தவள். அதை நூலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. உறையூர் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினால், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

அவருக்கென்ன தெரியும்? இரண்டு நாள் முன்புதான் ஸ்ரீரங்கத்திலிருந்து, தலைமை நூலகரின் தெருக்காரப் பையன் ஒருவன் ஃபைலோடு வந்து அவருடன் காபி சாப்பிட்டுவிட்டுப் போனான். ஆளை முடிவு பண்ணியாயிற்று, கையெழுத்துக்கு மட்டும் நான் என்று நினைத்தேன். பார்க்கலாம், நம் ஆள் ஒருத்தரையாவது உள்ளே கொண்டுவராமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டேன்.

நேர்முகத் தேர்வில் பத்துப் புத்தகங்களை வரிசையாக அடுக்கச் சொன்னோம். ஸ்ரீரங்கத்துப் பையன் மூன்றை மாற்றி வைத்தான். வையம்பட்டியிலிருந்து வந்த பெண் எல்லாவற்றையும் சரியாக அடுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அது கிராம தெய்வங்களைப் பற்றிய புத்தகம். கட்டுக்கதைகளின் வரிசையில் அதற்கு எண் போட்டிருந்தது.

“இது சமயத்துல வரணும்ங்க. கும்பிடுறவங்களுக்கு அது சாமிதானேங்க” என்றாள்.

அந்த எண்ணைப் போட்டவரே தலைமை நூலகர்தான். அவர் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. இவளுக்காக நான் சண்டை போட வேண்டியிருக்கும், அதற்கு முன் நம்மவள்தானா என்று தெரிந்துகொள்வோம் என்று வாயைத் திறந்தேன்.

“ஊர்ல எந்தப் பக்கம்மா?”

சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. என்னிடம் கேட்ட ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அவள் முகம் சட்டென்று சுருங்கியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்றாள். பன்னிரண்டு வருடமாக நான் சொல்லிவரும் அதே பதில். நம்மவள்தான் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன், பாவி.

சண்டைக்குத் தேவையே வரவில்லை. தலைமை நூலகர் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருந்தார். அப்போதும் நான் அந்தத் தாளை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். வேலை உத்தரவு போயிற்று. ஆனால் சேர வேண்டிய நாளில் அவள் வரவில்லை. இவர்தான் அவளைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி மிரட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவரோ, நீங்களே கேளுங்கள், பெண்கள் பேசினால் மனம்விட்டுச் சொல்வாள் என்று தன் மேசை போனை என் பக்கம் நகர்த்தினார்.

சார் ஏதாவது சொன்னாரா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“அவர் ஒண்ணும் சொல்லலைங்க. நீங்கதான் எந்தப் பக்கம்னு கேட்டீங்க. முத நாளே இப்படின்னா, சேர்ந்தப்புறம் தினமும் கேப்பீங்கல்ல. அதான் வேண்டாம்னுட்டேன்.”

நானும் காலனிதாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாள். தலைமை நூலகர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிம்மா என்று போனை வைத்தேன்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

“தூரமா இருக்குன்னு வீட்டுல விடலையாம் சார்” என்றேன்.