கிடங்கு அறைக்கு எட்டிய வைஃபை

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்ல மேனேஜருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக என் மேசையைத் தூக்கிக் கிடங்கு அறையில் போட்டார்.

திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் எனக்குக் கணக்கு வேலை. சுற்றுப்பட்டு ஊர்களில் வாங்கி வரும் ஆட்டுத்தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்து, லோடு சேர்ந்ததும் ஆம்பூர்ப் பக்கம் லாரியில் அனுப்புவார்கள். பில், ஜிஎஸ்டி, லாரி கிளம்பும் முன் இணையத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில், எல்லாம் என் பொறுப்பு. பழைய மேனேஜர் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டதும், வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்த இவரை முதலாளி கொண்டு வந்தார். வந்த வாரத்திலேயே தன் மச்சினனைப் பற்றிப் பேச்செடுத்தார். பி.காம் படித்திருக்கிறானாம், டேலி அத்துப்படியாம், வேலை அமையாமல் வீட்டில் இருக்கிறானாம். இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. சொல்லும்போது அவர் பார்த்தது என் முகத்தை அல்ல, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் முன்னறையில் என் மேசை இல்லை. வருகிற போகிறவர்கள் உட்கார இடம் வேண்டும், அதனால் பின்னால் மாற்றிவிட்டோம் என்றார். பின்னால் என்றால் தோல் அடுக்கியிருக்கும் இடம். தரையில் எந்நேரமும் உப்புத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்த வாடை சேலையில் ஏறினால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவாள். வாடை எனக்குப் பழக்கம்தான். ஆனால் வந்து போவது வேறு, நாள் முழுக்க அதிலேயே உட்காருவது வேறு.

கம்ப்யூட்டரை அப்படியே அள்ளிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வயராகத் தேடி மாட்டினேன். கீபோர்டு இருந்தது, மவுஸ் இருந்தது. நெட் வயர் மட்டும் இல்லை.

முன்னறைக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன்.

"அது அங்கிட்டு எட்டாதும்மா. அம்புட்டு நீளம் இல்ல. நீங்க போன்ல பாத்துக்கங்க."

ஐம்பது அறுபது பில்லை வைத்துக்கொண்டு போனில் என்ன பார்ப்பது? அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். அந்த வாரமே ஒரு லாரி லோடு ஏற்றி நின்றது. அவருடைய கம்ப்யூட்டரைச் செத்த நேரம் கொடுங்கள், பில்லைப் போட்டுவிடுகிறேன் என்றேன். தான் முக்கியமான வேலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டார். "லாரி நிக்கிது முதலாளி. அந்தம்மாவால முடியல போல" என்றார். நான் அங்கே நிற்பதே அவர் கண்ணில் படாத மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

வீட்டில் சொன்னபோது என் கணவர், இவ்வளவு அவமானப்பட்டு அங்கே இருக்க வேண்டாம், விட்டுவிடு என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. விட்டுவிட்டு வருவதைத்தானே அந்த ஆள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்? அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நீளமான வயர் வாங்கி, சுவரில் துளை போட்டு இழுக்கலாம் என்று எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். மேனேஜர் வாசலிலேயே அவரை நிறுத்தி, இது பழைய சுவர், துளை போட்டு இடிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட அடித்த ஆணிகள் மட்டும் ஒரு கைப்பிடி தேறும்.

வயர் வேண்டாம் என்றால் வயர் இல்லாமல்தான் இழுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வைஃபை அடாப்டர் கேட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி. "சிபியுல சொருகுனாப் போதும்க்கா, தானா எடுத்துக்கிரும்" என்றார் கடைக்காரர்.

தானாக எடுத்துக்கொள்ளவில்லை. சொருகினால் டிங் என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு சரி. உள்ளே போய்ப் பார்த்தால் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். டிரைவர் மென்பொருள் வேண்டும் என்று காட்டியது. டிரைவர் இருப்பது பெட்டியோடு வந்த சிடியில். என் கம்ப்யூட்டரில் சிடி போடும் இடமே கிடையாது. இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. இணையம் இல்லாமல்தானே இதை வாங்கினேன் என்று அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் நிதானம் வந்து, என் போனைச் சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனின் டேட்டாவை அதற்குத் திருப்பிவிட்டேன். டிரைவர் இறங்கியது. நிறுவி, அணைத்துப் போட்டதும் முக்கோணம் போய்விட்டது. வலது மூலையில் வைஃபை அடையாளம் வந்து, அக்கம்பக்கத்து இணைப்புகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. கடைசியில் எங்கள் மண்டியின் பெயர். பாஸ்வேர்டு பழைய மேனேஜர் வைத்தது, எனக்குத் தெரியும். போட்டேன், ஏற்றுக்கொண்டது.

ஆனால் சிக்னல் ஒரே ஒரு கோடு. அடாப்டர் சிபியுவின் முதுகுப் பக்கம், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியிருந்தது. யுஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி வந்து, அடாப்டரை அதன் நுனியில் மாட்டி, முன்னறையைப் பார்த்த ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று கோடு வந்தது. அன்றைக்கு இரண்டு லாரிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பில் எடுத்தேன்.

மேனேஜர் ஜன்னலில் தொங்குவதை இரண்டு நாள் கழித்துப் பார்த்தார். என்ன என்று கேட்டார், சொன்னேன். மறுநாள் காலை பழைய பாஸ்வேர்டு செல்லவில்லை.

"முதலாளிதான் மாத்தச் சொன்னாரு. யார்ட்டயும் குடுக்கக் கூடாதுன்னுட்டாரு."

அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் செய்தேன். "நான் எங்கம்மா மாத்தச் சொன்னேன்? குடுக்கச் சொல்லு" என்றார் அவர். மேனேஜர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். போட்டால் தவறு என்றது. திரும்பிப் போய்க் கேட்டால், முதல் எழுத்து பெரிய எழுத்து என்றார். மறுபடியும் தவறு. கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டது என்றார். மூன்று தடவை நடக்க வைத்துவிட்டு டீயைக் குடித்தார். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவர் முன்னால் அழுவதற்கு நான் செத்துப் போகலாம்.

அதன் பிறகுதான் நெட் விட்டு விட்டுப் போக ஆரம்பித்தது. சும்மா இருக்கும் நேரமெல்லாம் நன்றாக இருக்கும். லாரி வாசலில் வந்து நின்று, நான் வண்டி நம்பரை அடிக்கும்போது போய்விடும். அடாப்டர்தான் கோளாறு என்று நினைத்து டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், வேறு துளையில் சொருகிப் பார்த்தேன், கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். ஒரு குறையும் இல்லை.

அடுத்த தடவை நெட் போனபோது, கோபத்தில் எழுந்து ஓடாமல் திரையை உற்றுப் பார்த்தேன். பட்டியலில் பக்கத்து வீடுகளின் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் மண்டியின் பெயர் மட்டும் இல்லை. அடாப்டர் கெட்டிருந்தால் எல்லாமே அல்லவா போயிருக்க வேண்டும்? ரவுட்டரையே யாரோ அணைக்கிறார்கள். முன்னறைக்கு எட்டிப் போட்டு நடந்தேன். அதற்குள் ரவுட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. மேனேஜர் அதற்குக் கீழேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். ஆனால் என்னிடம் சாட்சி இல்லை.

அவர் ஒன்றை யோசிக்கவில்லை. மண்டியின் கேமராக்களும் அதே ரவுட்டரில்தான் ஓடின. முதலாளி வீட்டில் இருந்தபடி போனில் மண்டியைப் பார்ப்பவர். லோடு ஏறும் நேரம் பார்த்துப் படம் மறைந்துபோவது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறது. தோலைத் திருடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்து நேராக மண்டிக்கு வந்து, தன் அறையில் இருந்த கேமராப் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். நெட் போனாலும் பெட்டியில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

திரையில் முன்னறை தெரிந்தது. வாசலில் லாரி. மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுகிறார், கிடங்குப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார், கையை மேலே நீட்டி ரவுட்டர் பிளக்கைப் பிடுங்குகிறார். பிடுங்கிவிட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரிக்கிறார்.

மேனேஜர், ரவுட்டர் சூடாகிவிடும், அதனால் அவ்வப்போது நிறுத்தி வைப்பேன் என்றார்.

"லாரி வந்தா மட்டும் சூடாகுமா?" என்று கேட்டார் முதலாளி. குரலை உயர்த்தவே இல்லை.

அவரை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. சரக்கு பிடிப்பதில் மேனேஜர் கெட்டிக்காரர், அது முதலாளிக்கு வேண்டும். ரவுட்டரைத் தன் அறைக்கு மாற்றிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். புதுப் பாஸ்வேர்டு போடும் வேலையை என்னிடம் விட்டார். என் மேசையை முன்னறைக்கு மாற்றித் தரும்படி கேட்டேன். "அங்கனயே இரும்மா, இப்பத்தான் நெட் வருதுல்ல" என்றார். அந்த நியாயத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மறுநாள் மேனேஜர் தன் போனை எடுத்துக்கொண்டு கிடங்கு அறைக்கு வந்தார். மூக்கைப் பொத்தவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க, போட்டுக்கிறேன்."

"போனக் குடுங்க. நானே போட்டுத் தாரேன்."

போனின் பூட்டைத் திறந்தார். பிறகு கொடுத்தார். திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அடித்துக் கொடுத்தேன். நன்றி என்று அவரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மச்சினன் ஒருநாள் வந்து மண்டியைச் சுற்றிப் பார்த்தான். கிடங்கு வாசலோடு திரும்பிப் போனவன், திருப்பூரில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மேனேஜர் இன்னும் முன்னறையில் இருக்கிறார், நான் இன்னும் கிடங்கில் இருக்கிறேன். வேலைப் பேச்சைத் தவிர எங்களுக்குள் பேச்சு கிடையாது. போன மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் போகவில்லை.