துணைக்குப் போன இடத்தில்...

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்குப் போனேன். சாப்பிடப் போனேன் என்று சொன்னால் பொய். துணைக்குப் போனேன்.

என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கும். வாராவாரம் இதைப் படிக்கிற உங்களுக்கு என் கூச்சம் தெரியும். 'ஸ்டாப் வந்திருச்சு' என்று கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். எழுதச் சொன்னால் எழுதுவேன். பேசச் சொன்னால்... ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் சொல்லவில்லை. அதோடு படிப்பும் நின்றுவிட்டது.

ஒரு தடவை கீழ்வீட்டு மருமகள் ஊசி போட்டுக்கொள்ளத் துணைக்குப் போனேன். ஊசி அவளுக்கு. மயக்கம் எனக்கு. "இதுல யாரும்மா பேஷண்ட்டு?" என்று நர்சம்மா கேட்டார்.

ஆனாலும் எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தை இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கத் துணை. ஸ்கேன் எடுக்கத் துணை. இருட்டில் கொல்லைப்பக்கம் போகத் துணை. பஸ் கண்ணாடியில் சாமி பேரைப் போட்டு 'துணை' என்று பெரிதாக எழுதியிருக்கும். அப்படியும் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை — எதற்கும் இருக்கட்டும் என்றுதான்!

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு சரசுவின் மகள் நித்யா. திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். சாணார்பட்டியிலிருந்து தினமும் பஸ். அவளுக்கு நிலக்கோட்டையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் பெயர் கார்த்தி. பூ வியாபாரக் குடும்பம். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் பிடித்துவிட்டது. 'ரெண்டு பேரும் ஒரு தடவை பேசிக்கிறட்டும்' என்று முடிவாயிற்று.

பேச விடுகிற அளவுக்கு இரண்டு வீடும் மாடர்ன். தனியாக விடுகிற அளவுக்கு இல்லை. ஆளுக்கொரு துணை வரட்டும் என்றார்கள்.

சரசு தன் தங்கையை அனுப்பப் பார்த்தாள். "சித்தி வேணாம், பெரியம்மா வரட்டும்" என்று நித்யா என்னைக் கை காட்டிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

"ஏன்டி, என்னைய எதுக்குக் கூப்ட்ட?"

"நீங்க வந்தா யாருமே வராத மாதிரி இருக்கும் பெரியம்மா."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா? யோசித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செத்த நேரம் கழித்து அவளே சொன்னாள்.

"ஒரே ஒரு கேள்விதான் பெரியம்மா கேக்கப் போறேன். கல்யாணத்துக்குப் பெறகு நான் வேலைக்குப் போவேன். அதுக்கு அவரு சரின்னு சொல்லணும். அவரு வாயால சொல்லணும். சொல்லலேன்னா இந்தச் சம்பந்தம் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிருவேன்."

"சரசு உன்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாளேடி?"

"ஆக்கட்டும்."

கடைக்குள் நுழைந்தோம். ஃபேமிலி ரூமில் கார்த்தி எழுந்து நின்றான். முப்பது வயது இருக்கும். சாந்தமான முகம். பக்கத்தில் அவன் தாய்மாமன் — முறுக்கு மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"வாங்கக்கா. நான்தான் இவனுக்குக் கார்டியன்" என்றார்.

பார்த்தீர்களா? அவர் கார்டியன். நான் வெறும் துணை. அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு உட்காரும் இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

பிரியாணி வந்தது. பேச்சு ஆரம்பித்தது. நித்யா பையனைப் பார்த்துக் கேட்டாள், "பூவெல்லாம் எங்க எங்க அனுப்புறீங்க?"

"அது போகுதுத்தா, மதுரைக்கு, கோயம்புத்தூருக்கு..." என்றார் மாமா.

"உங்களுக்கு என்ன சாப்பாடு புடிக்கும்?"

"மீன் கொழம்புன்னா உசுர விட்ருவான்" என்றார் மாமா.

"சினிமா பாப்பீங்களா?"

"எங்க நேரம்? தூங்கிருவான்" என்றார் மாமா.

பிரியாணியை மட்டும்தான் பையன் தானாகச் சாப்பிட்டான். நித்யா தண்ணீர் குடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது — அந்தக் கேள்வி வருகிறது.

"கல்யாணத்துக்குப் பெறகும் நான் லேப் வேலைக்குப் போலாம்னு இருக்கேன். நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

பையன் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். மாமா ஒரு கறித்துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தார்.

"நீ சாப்டு மாப்ள. — வேலையெல்லாம் எதுக்குத்தா? நீ ராணி மாதிரி இருக்கலாம். எங்க வீடே ஒனக்குத் துணையா நிக்கும்ல?"

திறந்த வாய்க்குள் கறி போய்விட்டது.

நித்யா என்னைப் பார்த்தாள். நான் தயிர் வெங்காயத்தைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் அவள் என் காலை மிதித்தாள். 'இடம் பத்தலை போலிருக்கு' என்று நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட துணை யாருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்?

அவள் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை இப்படியே எழுந்து போனால், பதில் தெரியாமலே ஒரு கல்யாணம் நின்றுபோகும். அல்லது சரசு அழுது புரண்டு, பதில் தெரியாமலே ஒரு கல்யாணம் நடந்துவிடும். எது மோசம்?

மாமாவிடம் நியாயம் பேச வேண்டும். வேறு யாராவதாக இருந்தால் பேசியிருப்பார்கள். என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்:

"தம்பி... எதுத்த மருந்துக் கடையில மாத்திரை வாங்கணும். ரோடு தாண்டப் பயமா இருக்கு. செத்த துணைக்கு வாரீங்களா?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டால் முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதிலும் கார்டியன் சொல்வாரா? பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். கை கழுவிவிட்டு என் பையைத் தானே வாங்கிக்கொண்டார். ரோட்டின் நடுவில் நின்று, டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டி ஒரு டவுன் பஸ்ஸையே நிறுத்தினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, திண்டுக்கல்லுக்கு வரும்போதெல்லாம் நான் தனியாகத் தாண்டுகிற ரோடு அது. அன்றைக்கு மகாராணி மாதிரி தாண்டினேன்.

மருந்துக் கடையில் எனக்கு எந்த மாத்திரையும் வேண்டியிருக்கவில்லை. ஒரு தைலம் வாங்கினேன். திரும்பும்போது ரோட்டோரத்தில் நின்றுகொண்டேன்.

"அந்த லாரி போயிறட்டும் தம்பி."

"லாரி நிக்கிதுக்கா. லோடு எறக்குறாங்க."

"எறக்கட்டும். திடீர்னு கெளம்பிட்டா?"

வேறு வழியில்லாமல் அவரும் நின்றார். சும்மா நிற்க முடியாத மனிதர், பேச ஆரம்பித்தார். அக்காள் புருஷன் போய்ச் சேர்ந்தபோது கார்த்தி கைப்பிள்ளையாம். காய்ச்சல் என்றால் இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடுவாராம். ஸ்கூலில் சேர்த்ததும் இவர்தான், வியாபாரத்தில் உட்கார வைத்ததும் இவர்தான்.

"வெவரம் பத்தாது யக்கா அவனுக்கு. இன்னிக்கும் நான் கூட இல்லேன்னா ஒண்ணும் ஓடாது" என்றார்.

குரலில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. அதுவரை அவர் மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. கெட்ட மனிதர் இல்லை. துணைக்கு வந்தவர், இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்காமல் உட்கார்ந்துவிட்டார் — அவ்வளவுதான். நாம் எல்லாரும் யாரோ ஒருவர் விஷயத்தில் அப்படித்தானே? என் மகனுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. இன்றைக்கும் போனில் 'சாப்டியா' என்று கேட்டால் போதாது, தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் என்றும் தெரிய வேண்டும் எனக்கு.

லாரி கிளம்பிப் போயே போய்விட்டது. இனி என்ன சொல்லி நிற்க வைப்பது? நல்லவேளை, இரண்டு பேரும் கடையை விட்டு வெளியே வந்தார்கள். பையனே நித்யாவைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான். நேராக மாமா முன்னால் வந்து நின்றான். காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"மாமா, கல்யாணத்துக்குப் பெறகும் அவங்க வேலைக்குப் போகட்டும். நிலக்கோட்டையிலேருந்தும்தான் பஸ் இருக்குல்ல? காலையில நானே ஏத்தி விட்ருவேன்."

"என்ன மாப்ள... திடீர்னு..."

"திடீர்னு இல்ல மாமா. அப்பவே சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன்."

மாமா மீசையைத் தடவினார். என்னைப் பார்த்தார். "யக்கா... இவனா பேசுறான்?" என்றார். நித்யா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

"வாங்க, பஸ் ஏத்தி விடுறேன்" என்று பையன் அவளோடு முன்னால் நடந்தான். அவள் ஏதோ கேட்க, அவனே பதில் சொல்லிக்கொண்டு போனான். மாமா மட்டும் என் பையைக் கையில் பிடித்தபடி, நின்ற இடத்திலேயே நின்றார். இனி எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாதவர் மாதிரி.

நான் மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பேசத்தான் எனக்குத் தெரியாதே.

சும்மா... ஒரு துணைக்கு.